எம்பிராய்டரிச் சுருக்கம்: குற்றவாளி நூல் டென்ஷன் மட்டுமன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சுயதொழில் பக்கத்தில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். புதிதாக மிஷின் வாங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டிய பலவற்றை எளிமையாகச் சொல்லியிருந்த அந்தக் கட்டுரை, பூவேலையைச் சுற்றித் துணி சுருங்காமல் இருக்க இரண்டே வழிகளைக் கூறியிருந்தது. மேல் நூலின் டென்ஷனை, அதாவது இறுக்கத்தை, குறைக்க வேண்டும் என்பது ஒன்று. தட்டினால் பறைபோல ஒலிக்கும் அளவுக்குத் துணியை ஃப்ரேமில் (அதைப் பிடித்துவைக்கும் வளையத்தில்) இழுத்து மாட்ட வேண்டும் என்பது மற்றொன்று. முதல் யோசனையில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது யோசனையோ, அதை அப்படியே பின்பற்றினால், எந்தக் குறையைத் தவிர்க்க நினைக்கிறோமோ அதையே வரவழைத்துவிடும். பல ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவன், புதியவர்களுக்குப் பயிற்சியும் அளிப்பவன் என்ற முறையில், சற்று விரிவாகவே இதை எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சுருக்கம் கண்ணில் பட்டவுடன் டென்ஷன் திருகில் கை வைப்பது ஏறக்குறைய எல்லாரிடமும் உள்ள பழக்கம். அந்தத் திருகு கைக்கெட்டும் தொலைவில் இருப்பதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். உண்மையில் பெரும்பாலான சுருக்கங்கள் ஊசி துணியில் இறங்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன: துணியை ஃப்ரேமில் மாட்டிய மேசையில் பாதியும், டிசைனைப் பஞ்சிங் செய்த, அதாவது தையல் புள்ளிகளாக மாற்றிய, கணினியில் மீதியும். மிஷின் ஓடத் தொடங்கிய பிறகு நம்மால் சரிசெய்ய முடிவது மிகக் கொஞ்சம்தான்.

இதை விளங்கிக்கொள்ள, தையல் விழும்போது துணிக்கு என்ன நேர்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தையலிலும் மேல் நூலும் அடியிலிருந்து வரும் பாபின் நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. பூட்டிய பிறகும் இரண்டுமே இழுவிசையுடன்தான் நிற்கின்றன. ஒற்றைத் தையலின் இழுப்பு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஆனால் உள்ளங்கை அகலத்தில் முழுவதும் நிரப்பிய ஒரு பூவில் ஆயிரக்கணக்கான தையல்கள் விழுகின்றன. அவையெல்லாம் ஒரே திசையில் ஓடினால் அத்தனை சிறு இழுப்புகளும் சேர்ந்து துணியை அந்தத் திசையில் உள்ளே இழுக்கின்றன, அதற்குச் செங்குத்தான திசையில் வெளியே தள்ளுகின்றன. திரையில் வட்டமாக இருந்த டிசைன் துணியில் முட்டை வடிவமாக மாறுவது இதனால்தான். அடித்தளம் உறுதியாக இருந்தால் இந்த இழுப்பு வடிவத்தைச் சற்றே மாற்றுவதோடு நின்றுவிடும். உறுதி போதாதபோது டிசைனின் ஓரத்திலிருந்து கதிர்கதிராக மடிப்புகள் கிளம்பும்.

இதைத் தவிர வேறொரு வகைச் சுருக்கமும் உண்டு. பலர் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. நெருக்கமாக நெய்த துணியில் பாவு இழைகளுக்கும் ஊடை இழைகளுக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு. அங்கே ஆயிரக்கணக்கான முறை நூலைச் செருகும்போது, ஏற்கெனவே இருந்த இழைகள் விலகிப் போக இடமில்லாமல் ஒன்றையொன்று நெருக்கித் துணியையே மேலெழும்ப வைக்கின்றன. இது இழுப்பினால் வருவதன்று, இடநெருக்கடியினால் வருவது. டென்ஷனை எவ்வளவு தளர்த்தினாலும் இந்தச் சுருக்கம் போகாது. நூலின் பருமனைக் குறைக்க வேண்டும், அல்லது தையல்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், வேறு வழியில்லை.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. சுருங்கிய மாதிரித் துணி ஒன்றைத் திருப்பி வைத்து, சுருக்கம் உள்ள இடத்தில் பாபின் நூலைக் கூரிய கத்தரியால் சில இடங்களில் வெட்டிப் பாருங்கள். வெட்டியவுடன் துணி தளர்ந்து படிந்தால் குற்றம் இழுவிசையினுடையது. நூலை வெட்டிய பிறகும் துணி அப்படியே மேடாக நின்று, தையலை முழுவதும் உருவி எடுத்த பிறகுதான் படிகிறது என்றால் குற்றம் அடர்த்தியினுடையது. உருவி எடுத்த பிறகும் துணி சமமாகவில்லை என்றால், ஃப்ரேமில் மாட்டும்போதே துணி இழுபட்டுவிட்டதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் திருகைத் திருப்பிக்கொண்டிருப்பது காய்ச்சலின் காரணம் தெரியாமல் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

இனிப் பறை போன்ற விறைப்புக்கு வருகிறேன். துணியை ஃப்ரேமில் விறைப்பாக மாட்டுவது வேறு, இழுத்து நீட்டி மாட்டுவது வேறு. நீட்டிய நிலையில் உள்ள துணியின்மேல் தையல் விழுந்தால், அந்த நீண்ட நிலையிலேயே தையல் துணியைப் பூட்டிவிடுகிறது. ஃப்ரேமைக் கழற்றியதும் சுற்றியுள்ள துணி தன் இயல்பான அளவுக்குத் திரும்ப முயல்கிறது. தையல் விழுந்த பகுதி திரும்ப முடியாமல் நிற்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் டிசைனைச் சுற்றி அலையலையாகத் தெரிவது. ஃப்ரேமில் இருக்கும்வரை கண்ணாடிபோல வழவழப்பாக இருந்த வேலை, கழற்றிய சில நொடிகளில் சுருண்டுவிட்டதாகப் புதியவர்கள் சொல்லும்போது, அவர்களுடைய மிஷினைப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு ஏற்படுவதில்லை. துணியை எப்படி மாட்டினீர்கள் என்று கேட்டாலே போதும்.

பின்னல் துணியில் இதை அளந்தே பார்த்துவிடலாம். மாட்டுவதற்கு முன் துணியில் சாக்கட்டியால் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளிகள் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு அதே இடைவெளியை ஸ்கேலால் அளந்து பாருங்கள். பத்து பத்தாகவே இருக்க வேண்டும். பத்தரை ஆகிவிட்டிருந்தால், அந்த அரை சென்டிமீட்டர் பின்னால் சுருக்கமாகத் திரும்பி வரும் என்று உறுதியாகச் சொல்லலாம். நெய்த துணியில் புள்ளிகளுக்குப் பதிலாக இழையோட்டத்தை ஒட்டி ஒரு கூட்டல் குறி வரைந்துகொண்டால், மாட்டிய பிறகு அதன் கோடுகள் வளையாமல் செங்கோணத்தில் நிற்கின்றனவா என்று பார்க்கலாம். வளைந்திருந்தால் ஏதோ ஒரு மூலையில் துணி கூடுதலாக இழுக்கப்பட்டிருக்கிறது.

முறையாக மாட்டுவதற்குக் கைவலிமை தேவையில்லை, வரிசை முறைதான் தேவை. வெளிவளையத்தின் திருகை முதலிலேயே துணியின் தடிப்புக்கு ஏற்றபடி ஏறக்குறைய சரியான அளவில் வைத்துக்கொண்டு, அதன்மேல் துணிக்கு அடியில் வைக்கும் அடித்தாளையும் துணியையும் சமமாக விரித்து, உள்வளையத்தை ஒரே அழுத்தில் உள்ளே இறக்கி, அதன்பிறகு திருகைக் கொஞ்சம் இறுக்கினால் போதும். இறுக்கிய பிறகு நான்கு பக்கமும் துணியைப் பிடித்து இழுக்கும் பழக்கத்தைத்தான் விட்டொழிக்க வேண்டும். குறிப்பாக மூலைகளைப் பிடித்து இழுக்கக் கூடாது. மூலைவாட்டில் எந்த நெய்த துணியும் எளிதாக நீளும் என்பது தையல் தெரிந்த எவருக்கும் தெரிந்ததே. துணி வழுக்கிக்கொண்டு போனால், உள்வளையத்தைச் சுற்றிப் பருத்தி நாடாவைச் சுற்றிக்கொள்ளலாம். பிடிமானம் கிடைத்துவிடும், இழுக்கவேண்டிய தேவையும் நீங்கிவிடும். டிசைன் அடங்கக்கூடிய ஃப்ரேம்களில் ஆகச் சிறியதைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். சிறிய டிசைனைப் பெரிய ஃப்ரேமின் நடுவில் தைத்தால், விளிம்பின் பிடி நடுப்பகுதிவரை எட்டாது. நீண்ட ஃப்ரேம்களின் நீளப் பக்கங்களில் இந்தத் தளர்வு இன்னும் அதிகம். ஃப்ரேமின் தடமே பதிந்துவிடும் வெல்வெட் போன்ற துணிகளுக்கு, அடித்தாளை மட்டும் மாட்டி, அதன்மேல் தற்காலிகப் பசை ஸ்பிரேயால் துணியை ஒட்டி, டிசைனைச் சுற்றி நீளத் தையலால் ஒரு சட்டம் போட்டுக்கொண்டு தைப்பதே நல்லது.

அடித்தாள் என்று குறிப்பிட்டேன். ஸ்டெபிலைசர் என்று கடைகளில் கேட்கும் இந்தத் தாளைப் பற்றித் தங்கள் கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லவில்லை என்பதே நான் எழுதத் துணிந்ததற்கு முதன்மையான காரணம். எம்பிராய்டரியின் பாரத்தைத் துணி தாங்குவதில்லை, தாங்கவேண்டியது அடித்தாள்தான். துணி அந்தத் தாளின்மேல் தைக்கப்படும் மேற்பரப்பு மட்டுமே என்று எண்ணிக்கொண்டால் பாதித் தவறுகள் நேராது. கட்-அவே எனப்படும், தைத்த பிறகு ஓரத்தை மட்டும் கத்தரித்து நீக்கும் வகை, டிசைனுக்கு அடியில் நிரந்தரமாகத் தங்கி, துணியைத் துவைக்கும்போதும் உடுத்தும்போதும் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. டேர்-அவே எனப்படும், கையால் கிழித்து எடுக்கும் வகை, தைக்கும் நேரத்தில் மட்டும் துணைநிற்கிறது. தண்ணீரில் கரைந்துபோகும் வகை வலைபோன்ற, அடித்துணியே இல்லாத வேலைகளுக்கும், பூத்துவாலை போன்ற பொசுபொசுப்பான துணிகளின் மேற்பரப்பில் தையல் புதைந்துவிடாமல் இருப்பதற்கும் உரியது. அதைச் சட்டைத் துணிக்கு அடியில் வைத்துச் சுருக்கத்தைத் தடுக்கலாம் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

பின்னல் துணிக்குக் கட்-அவே தவிர வேறெதுவும் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். வேலை முடிந்த பிறகு பின்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் பலர் டீ-ஷர்ட்டுக்கும் டேர்-அவேயைப் பயன்படுத்துகிறார்கள். இரு விளிம்புகளுக்கு இடையே நெருக்கமாக மாறிமாறி விழும் சாட்டின் தையலின் விளிம்பில் ஊசி மிக நெருக்கமாகக் குத்திக்கொண்டே போகும்போது, அந்தக் குத்துகளின் வரிசையிலேயே தாள் பாதியில் பிரிந்துவிடுகிறது. அதன்பிறகு மிச்சமுள்ள டிசைன் முழுவதும் தாங்குவாரின்றி வெறும் துணியில் விழுகிறது. தைக்கும்போது எப்படியோ தப்பித்தாலும், முதல் துவைப்பில் துணி நீண்டு சுருங்கும்போது சுருக்கம் வெளிப்பட்டுவிடும். விறைப்பான, நெருக்கமாக நெய்த பருத்தித் துணிக்கும் கேன்வாஸுக்கும், தையல் குறைவாக உள்ள டிசைனாக இருந்தால் டேர்-அவே போதும்.

சிலர் அடித்தாளுக்குப் பதிலாகப் பழைய செய்தித்தாளைப் பயன்படுத்துவதையும் பார்த்திருக்கிறேன். தங்கள் நாளிதழின்மேல் எனக்கு மதிப்பு உண்டென்றாலும், இந்த வேலைக்கு அது உதவாது என்பதைச் சொல்லியாக வேண்டும். அச்சுத்தாள் சில நூறு குத்துகளிலேயே கிழிந்துவிடும். வெள்ளைத் துணியில் மை ஒட்டும். தூள் போய் பாபின் கேஸில் அடைந்துகொள்ளும்.

அடித்தாளைத் துணியோடு சேர்த்து ஃப்ரேமில் மாட்ட வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். துணியை மட்டும் மாட்டிவிட்டு, அடியில் ஒரு துண்டுத் தாளைச் செருகிவைத்துத் தைப்பது அவசரத்தில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் தாளும் துணியும் தனித்தனியாக நகர்ந்தால் தாள் இருந்தும் பயனில்லை. தாளின் பரப்பு ஃப்ரேமைவிட எல்லாப் பக்கமும் சற்றுப் பெரியதாக இருக்க வேண்டும். மெல்லிய தாள்களை மூன்று நான்காக அடுக்குவதைவிடப் போதிய கனமுள்ள ஒரே தாள் மேலானது, ஏனெனில் அடுக்குகளுக்கு இடையேயும் வழுக்கல் உண்டு. பட்டு, ஷிஃபான், மெல்லிய ரேயான் போன்ற துணிகளுக்கு நான் பரிந்துரைப்பது, பின்பக்கத்தில் மெல்லிய ஃபியூசிங் (சூட்டில் ஒட்டிக்கொள்ளும் உள்துணி) ஒன்றை இஸ்திரியால் ஒட்டித் துணிக்குச் சற்று உடல் கொடுத்துவிட்டு, அதன்பிறகு அடித்தாளுடன் சேர்த்து மாட்டுவதுதான். ஒட்டும்போது இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து நகர்த்தக் கூடாது. அழுத்தி, எடுத்து, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். தேய்த்தால் துணி நீண்ட நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். பறைபோல இழுத்து மாட்டும்போது செய்த தவறே இங்கும் திரும்ப வரும்.

டிசைன் தரப்பில் நிகழும் தவறுகளைத் தைப்பவர் அறிவதேயில்லை. ஏனெனில் டிசைன் பெரும்பாலும் வேறொருவரிடமிருந்து வாங்கியதாக இருக்கும். எம்பிராய்டரிக்கு வழக்கமாகப் பயன்படும் 40 நம்பர் நூலுக்கு, வரிசைக்கு வரிசை 0.4 மி.மீ. இடைவெளி என்பது பொதுவான அளவு. நல்ல விறைப்பான துணிக்கும் பொருத்தமான அடித்தாளுக்கும் இது சரி. மெல்லிய துணியில் இதையே 0.45 ஆகவோ 0.5 ஆகவோ தளர்த்தினால், கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது, துணிக்குத் தெரியும். நிறம் அடர்த்தியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இடைவெளியை 0.3க்குக் கீழே கொண்டுபோகும் பஞ்சிங்காரர்கள், அந்த அடர்த்தியைச் சுமக்கப்போகும் துணி எது என்று கேட்பதில்லை.

இதைவிடக் கொடியது, வாங்கிய டிசைனை மிஷினிலேயே சிறிதாக்குவது. தையல் புள்ளிகளை மட்டுமே சேமித்து வைத்திருக்கும் டிஎஸ்டி போன்ற கோப்பை, தையல்களை மறுகணக்கிடாமல் சுருக்கினால், தையல்களின் எண்ணிக்கை குறைவதில்லை. இடம் மட்டும் குறைகிறது. 10 செ.மீ. அகல டிசைனை 8 செ.மீ. ஆக்கினால் நீளத்திலும் அகலத்திலும் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, பரப்பு நூற்றுக்கு 64 ஆகிறது, 0.4 மி.மீ. இடைவெளி 0.32 ஆகிவிடுகிறது. அதாவது, முன்பு ஒரு சதுர சென்டிமீட்டரில் 100 முறை குத்திய ஊசி இப்போது அதே இடத்தில் ஏறக்குறைய 156 முறை குத்துகிறது. அந்த டிசைன் பெரிய அளவில் அழகாக வந்ததே, சிறிய அளவில் ஏன் சுருங்குகிறது என்று டென்ஷனைச் சந்தேகிப்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். மறுகணக்கிடும் வசதியுள்ள மென்பொருள் இல்லாவிட்டால், பத்து விழுக்காட்டுக்கு மேல் அளவை மாற்றாமல் இருப்பதே பாதுகாப்பானது. ஒரு வண்ணத்தின்மேல் இன்னொரு வண்ணம் முழுமையாக விழும் டிசைன்களிலும் இதே நெருக்கடிதான்: இலையின்மேல் பூ, பூவின்மேல் மகரந்தம் என்று மூன்று அடுக்கு நிரப்பினால், நடுவில் உள்ள துணி மூன்று டிசைன்களின் நூலைச் சுமக்கிறது. மேலே வரும் வடிவத்துக்கு அடியில், ஓரத்தில் மட்டும் சிறிது விட்டுவைத்து, நடுப்பகுதியை வெட்டி நீக்கியிருக்க வேண்டும்.

நிரப்பும் தையலுக்கு முன்னால் போடும் அடித்தையலைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. நேரத்தையும் நூலையும் மிச்சப்படுத்துவதாக நினைத்துச் சிலர் அதை நீக்கிவிடுகிறார்கள். விளிம்பை ஒட்டி உட்புறமாக ஓடும் ஒரு கோடும், மேல் தையலுக்குக் குறுக்கே அகன்ற இடைவெளியில் ஓடும் ஒரு மெல்லிய வலையும்தான் துணியை அடித்தாளோடு சேர்த்துப் பிணைக்கின்றன. இந்தப் பிணைப்பு முதலில் நடந்துவிட்டால், பின்னால் வரும் அடர்த்தியான தையல்களின் இழுப்பைத் துணியும் தாளும் சேர்ந்து எதிர்கொள்கின்றன. இதற்கும் அளவு உண்டு. மெல்லிய துணியில் கனமான அடித்தையலைப் போட்டால் அதுவே நெருக்கடிக்கு வழிவகுக்கும். புல் காம்பன்சேஷன் (இழுப்பை ஈடுசெய்தல்) என்ற பெயரில் வடிவத்தை 0.2 முதல் 0.4 மி.மீ. வரை அகலமாக்குவதைச் சுருக்கத்துக்கு மருந்து என்று நினைப்பதும் சரியன்று. அது இழுப்பினால் கெடும் வடிவத்தையும், கோட்டுக்கும் நிரப்புக்கும் இடையே தெரியும் இடைவெளியையும் மறைக்கிறது. இழுப்பு அப்படியே இருக்கிறது.

தைக்கும் வரிசையும் பார்க்கத்தக்கது. நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறமாகச் செல்லும் டிசைனில், தள்ளப்படும் துணி விளிம்பு நோக்கி நகர்ந்து சமமாகிவிடுகிறது. முதலில் சுற்றிலும் கனமான சாட்டின் வரம்பு போட்டுவிட்டுப் பிறகு உள்ளே நிரப்பத் தொடங்கினால், தள்ளப்பட்ட துணிக்குப் போக்கிடமின்றி நடுவில் குமிழாக எழுந்து நிற்கும். அந்தக் குமிழை எந்த இஸ்திரியாலும் அமர்த்த முடியாது. பெரிய பரப்புகளில் எல்லாத் தையல்களும் ஒரே கோணத்தில் ஓடாமல், இதழுக்கு இதழ், இலைக்கு இலை கோணம் மாறினால் இழுப்பு ஒரே திசையில் குவியாது. சாட்டின் தையலின் நீளம் 7 மி.மீ.க்கு மேல் போகும் இடங்களில் அதை இரண்டாகப் பிரித்துவிடுவதும் நல்லது.

டென்ஷனைப் பற்றிக் கட்டுரை கூறியதில் பாதி உண்மை என்றேன். சாட்டின் தையலின் அடிப்பக்கத்தில் பாபின் நூல் நடுவே மூன்றில் ஒரு பங்கு அகலத்தில் தெரிந்தால் டென்ஷன் சரி என்று எல்லாருக்கும் கற்பிக்கப்படுகிறது. கட்டுரையும் அதையே சொல்கிறது. ஆனால் அந்த மூன்றில் ஒரு பங்கு என்பது மேல் நூலுக்கும் பாபின் நூலுக்கும் இடையே உள்ள சமநிலையை மட்டுமே காட்டும். இரண்டுமே அளவுக்கு மீறி இறுகியிருந்தாலும் சமநிலை கச்சிதமாகத்தான் தெரியும், துணி சுருங்கும். ஆகவே முதலில் பாபின் கேஸைச் சுத்தம் செய்து, அதன் தகட்டுக்கு அடியில் சிக்கியுள்ள பஞ்சை நீக்கி, பாபின் டென்ஷனைக் குறைந்த அளவில், டென்ஷன் அளவி இருந்தால் சுமார் 20 கிராமில், நிறுத்திக்கொண்டு, அதன்பிறகுதான் மேல் நூலை அதற்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். மேல் நூல் பாலியெஸ்டராக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். இறுக்கத்தில் அது நீண்டுகொடுத்து, தைத்து முடிந்த பிறகு மெல்லத் தன் நீளத்துக்குத் திரும்பும். மாலையில் நன்றாக இருந்த வேலை காலையில் சுருங்கியிருப்பதன் மர்மம் பெரும்பாலும் இதுதான். பாபினை மிக வேகமாக, மிக இறுக்கமாகச் சுற்றினாலும் இதே விளைவுதான் நேரும்.

ஊசியும் வேகமும் சிறிய காரணங்கள், ஆனால் எளிதில் சரிசெய்யக்கூடியவை. பொது வேலைக்கு 75/11 ஊசி போதும். மெல்லிய துணிக்கு, 40 நம்பரைவிட மெல்லியதான 60 நம்பர் நூலும் 65/9 ஊசியும் சேர்ந்தால் நெருக்கடி கண்கூடாகக் குறையும். பின்னல் துணிக்கு முனை உருண்ட ஊசி தேவை. ஆனால் தேய்ந்து முனை மழுங்கிய ஊசி துணியைத் துளைக்காமல் கீழ்த்தகட்டின் துளைக்குள் தள்ளித் தள்ளி எடுக்கும். மிஷின் நிமிடத்துக்கு 1000 தையல் போடும் என்பதற்காக ஜார்ஜெட்டில் அந்த வேகத்தில் ஓட்ட வேண்டியதில்லை. 600க்கு இறக்கினால் நூலின் இழுப்பும் ஃப்ரேமின் உலுக்கலும் சேர்ந்தே குறைகின்றன. கனமான ஆடையின் மிச்சப் பகுதி மேசைக்கு வெளியே தொங்கி ஃப்ரேமைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறதா என்பதையும் ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்லது.

துவைத்த பிறகு வரும் சுருக்கத்துக்குத் தைப்பவர்மேல் பழி விழுவது வழக்கம். பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும். பாலியெஸ்டர் நூல் சுருங்காது. தைப்பதற்கு முன்பே துணியை நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுக்கொண்டால் இது தவிர்க்கப்படும். வாடிக்கையாளர் கொண்டுவரும் புதுத் துணியை அப்படியே ஃப்ரேமில் மாட்டுவதற்கு முன், நனைக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது இருவருக்கும் நல்லது. நனைக்கக் கூடாத துணியாக இருந்தால், பின்னால் சிறிது சுருக்கம் வரக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

சுருங்கிவிட்ட வேலையை மீட்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் பெரிய நம்பிக்கை கொடுப்பதில்லை. மெத்தென்ற துண்டின்மேல் பூவேலை கீழே இருக்குமாறு வைத்து, ஈரத்துணி விரித்து, நீராவியால் பின்பக்கத்திலிருந்து அழுத்தினால் லேசான சுருக்கம் படியும். கட்-அவே தாளை டிசைனை ஒட்டி நறுக்கிவிடாமல் அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் சுற்றிலும் விட்டுவைத்தால், ஓரம் நிலையாக இருக்கும். இதற்கு மேல், அடர்த்தியினால் வந்த சுருக்கத்துக்குத் தையலைப் பிரித்துவிட்டு மறுபடி தைப்பதொன்றே வழி. மெல்லிய துணியில் அதற்கும் வழியில்லை, ஊசித் துளைகள் மறையா. ஆகவேதான், அதே துணியின் துண்டில், அதே அடித்தாளுடன், அதே நூலில் ஒரு மாதிரியை முதலில் தைத்துப் பார்க்க வேண்டும் என்று பயிற்சிக்கு வருவோரிடம் வற்புறுத்துகிறேன். வேறு துணியில் தைத்துப் பார்த்த மாதிரி, அந்த வேறு துணியைப் பற்றி மட்டுமே சொல்லும்.

சில துணிகள் சில டிசைன்களை ஏற்காது என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்லும் துணிவு தொழில் செய்வோருக்கு வேண்டும். காற்றில் பறக்கும் ஷிஃபானில், மார்பகலத்துக்கு முழுவதும் நிரப்பிய மயிலைச் சுருக்கமின்றித் தைத்துத் தருகிறேன் என்று யாராவது வாக்களித்தால், அந்த ஷிஃபானுக்குப் பின்னால் அட்டைபோன்ற ஒரு தாள் இருக்கும். துணி ஷிஃபானாக விழாது. அங்கே கோட்டோவியமாக ஓடும் தையலும், இடைவெளி விட்ட இலைகளும்தான் பொருந்தும்.

தங்கள் சுயதொழில் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இனி எம்பிராய்டரி குறித்து எழுதும்போதும், டிசைன்களை அறிமுகம் செய்யும்போதும், அந்த டிசைனின் தையல் எண்ணிக்கை, அது பஞ்சிங் செய்யப்பட்ட அளவு, எந்தத் துணிக்கு எந்த அடித்தாளுடன் தைத்துப் பார்க்கப்பட்டது என்ற மூன்று விவரங்களையும் படத்துக்குக் கீழே வெளியிட வேண்டுகிறேன். டிசைன்களை விற்பவர்களும் இவற்றைக் கோப்புடன் சேர்த்துத் தர வேண்டும். பலர் தருவதில்லை, வாங்குபவர்களும் கேட்பதில்லை. பறை ஒலிக்கும்வரை துணியை இழுக்கச் சொன்ன வரிக்கு மட்டும் ஒரு திருத்தம் வெளியிட்டால், கடந்த வாரம் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து மிஷினுக்கு மேலே ஒட்டிவைத்திருப்பவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
எம்பிராய்டரித் தொழிலில் உள்ள தங்கள் வாசகர்